சீல் உடைக்காத டப்பா

அண்ணனின் வண்டியை எடுத்துப் போக அண்ணியின் தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். டைல்ஸ் ஒட்டுகிறவர். மலைமேல் புதிதாக எழும்பும் வீடுகளில் அவருக்கு ஆறு மாதத்துக்கு வேலை கிடைத்திருந்தது. தினமும் ஏறி இறங்க வண்டி வேண்டும். எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு வண்டி சும்மா நிற்கிறது. அதை ஓட்டியவன் செத்து ஏழு வாரம் ஆகிறது. இதில் யாருக்கும் தப்பாக ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது.

அவர் இருக்கையைத் துணியால் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார். வலது கைப் பிரேக்கை நாலு தடவை பிடித்துப் பார்த்தார்.

"கல்லு மாதிரி நிக்குது. மாமா வண்டிய நல்லாத்தான் வெச்சிருந்திருக்காரு."

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. ஓட்டினவனுக்குத்தான் புத்தி இல்ல" என்றார் அப்பா. படியில் உட்கார்ந்து செருப்பின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். "காத்தாப் பறந்தான். போய்ச் சேந்தான்."

ஏழு வாரமாக அப்பா இதையே சொல்கிறார். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குவது அவர் வேலை. தரைத் தளத்திலிருந்து எட்டாம் மாடி வரை, ஏறுகிற ஒவ்வொருவரிடமும், மகன் வேகமாகப் போய்ச் செத்தான் என்று சொல்லிவிடுவார். அழுதால் உடைந்துவிடுவோம் என்று திட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் திட்டும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி திறந்த கதவில் சாய்ந்து நின்றாள்.

அந்தக் கதவை அவள் ஏழு வாரமாகப் பகலில் மூடுவதே இல்லை. தெரு நாய் உள்ளே வந்து சமையலறை வரை போய்த் திரும்பினாலும் மூடமாட்டாள். காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் அண்ணன் மலைமேல் ஒரு வீட்டில் வேலை முடித்துக் கிளம்பும்போது அவள் போன் செய்திருக்கிறாள். "இன்னைக்கும் லேட்டா வந்தீங்கன்னா கதவத் திறக்க மாட்டேன், வாசல்லயே படுங்க" என்று சொல்லியிருக்கிறாள். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அரை மணி நேரத்தில் நான்காவது வளைவின் தடுப்புச் சுவரடியில் அவன் கிடந்தான். தான் சொன்னதற்காக அவன் விரட்டிக்கொண்டு வந்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒருவேளைகூட முழுதாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

அவளை அப்படி முடிவு கட்ட வைத்தது நான். நான்தான் அந்தக் காகிதத்தைப் படித்தேன்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அண்ணி எட்டாவது. அம்மா இறந்த வருடம் அண்ணன் பத்தாவதோடு நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை, காரணம் அவன் நின்றதுதான். நான் வேதியியல் படித்தேன். எங்கள் பரம்பரையிலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதனால் இங்கிலீஷில் எது எழுதியிருந்தாலும் என்னிடம் வரும். மாத்திரை அட்டை, கரண்ட் பில், கொசு மருந்து, புது மிக்ஸியின் புத்தகம். நான் வீட்டில் இல்லாவிட்டால் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரு நாளைக்குப் பத்துப் படம் வரும். அண்ணன் எனக்கு வைத்த பெயர் லேபிள். "ஏய் லேபிளு, இதென்னன்னு பாத்துச் சொல்லு." கல்யாணமாகி வந்த பத்தாவது நாளே அண்ணியும் லேபிளு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை விட்டபோது, அதைச் சோதித்த அதிகாரியின் அறிக்கையும் வந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அப்பா அதை என்னிடம் நீட்டினார். படித்தேன். முன்பிரேக் சரியாக இயங்குகிறது. பின்பிரேக் தேய்ந்திருந்தாலும் இயங்குகிறது. இறக்கத்தில் அதிவேகமாக ஓட்டியதே விபத்துக்குக் காரணம். தமிழில் தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நல்ல லேபிள். அண்ணி எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தாள்.

அதிகாரி பொய் எழுதவில்லை. மறுநாள் காலையில் பிடித்துப் பார்த்திருக்கிறார். பிரேக் கல் மாதிரி நின்றிருக்கிறது. இப்போது இவர் கையில் நிற்பது மாதிரியே.

"அப்ப நான் கிளம்பறேங்க்கா" என்றார் அண்ணியின் தம்பி. சாவியைப் போட்டார்.

"எடுக்காதீங்க" என்றேன். "பிரேக் ஆயில் மாத்தணும்."

"எதுக்குங்க? நல்லாத்தானே பிடிக்குது."

"மாத்தணும். அரை மணி நேரம் ஆகும். இறங்குங்க."

"ஆபீசரே எழுதிக் குடுத்துட்டாரு" என்றார் அப்பா. "இவ ஆபீசருக்கு மேல."

"இறங்குங்கன்னா இறங்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். நான் பையிலிருந்து ஊசிக் குழலையும் கண்ணாடி போன்ற மெல்லிய ட்யூபையும் எடுத்து வைத்ததும் சிரிப்பு கூடிவிட்டது. "படிச்சவங்க வண்டிக்கும் ஊசி போடுவீங்களா?"

என் திட்டம் இதுதான். பேசாமல் ஆயிலை மாற்றிவிடுவது. புதுசை ஊற்றிக் கொடுத்துவிட்டால் இந்த மனிதர் பிழைத்துக்கொள்வார். ஏன் மாற்றினேன் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு இன்னும் அரை மணி நேரம் மூடுவது பெரிய வேலை இல்லை.

பதினோரு நாளுக்கு முன் குளியலறைப் பரணில் பழைய பல்பு தேடிக்கொண்டிருந்தேன். அங்கேதான் அண்ணன் தன் சாமான்களை வைப்பான். வீடுகளில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவன் தொழில். வடிகட்டிகளும் குழாய்களும் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு பிரேக் ஆயில் டப்பா. புதுசு. வாயில் ஒட்டிய வெள்ளித்தாள்கூடக் கிழியவில்லை. அதன் பக்கத்தில் ஒரு பழைய பாட்டில். மூடி பாதி திருகியபடி, அடியில் ஒரு விரல் அளவு மட்டும் மீதி. தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பு.

பரணில் ஏறியிருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் நான் செய்யும் வேலை என்ன தெரியுமா? தூளில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளப்பது. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் வரை அது ஒன்றுதான். இரண்டு சதவீதத்துக்கு மேல் போனால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பக் கையெழுத்துப் போடுவது நான். வண்டியிலிருந்து ஊசிக் குழலில் கொஞ்சம் உறிஞ்சினேன். பாட்டிலிலிருந்து கொஞ்சம். மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது இரண்டையும் மெஷினில் வைத்தேன். இரண்டிலும் ஐந்தரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். திறந்த பாட்டிலை இரண்டு வருடம் குளியலறைப் பரணில் வைத்தால் வயிறு முட்டக் குடித்துவிடும். சாதாரணத் தெருவில் ஒன்றும் தெரியாது. அவனைப் போல முதுகில் பெரிய சாமான் சுமையோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால், சக்கரத்தின் சூடு ஆயிலுக்கு ஏறும். ஆயிலில் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஆயிலை அழுத்தினால் அது அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும். ஆவியை அழுத்தினால் அது சும்மா சுருங்கும். கைப்பிடி வெறும் காற்றை அழுத்துவதுபோல் உள்ளே போகும். ஒன்றும் நடக்காது. அப்புறம் சூடு ஆறிவிட்டால் ஆவி மறுபடி தண்ணீராகிவிடும், பிரேக் கல் மாதிரி நிற்கும். அதிகாரி வந்து பிடித்துப் பார்ப்பார்.

மூன்றாவது வளைவில் பஞ்சர் ஒட்டுகிறவர் சாவு வீட்டுக்கு வந்தபோதே ஒன்று சொன்னார். "தம்பி போகும்போது பின்னாடி செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குனு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுதுங்க. வயரு லூஸா இருக்கும்போலன்னு நெனச்சேன்." வயர் இல்லை. அவன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்திருக்கிறான். நிற்கவில்லை. மறுபடி பிடித்திருக்கிறான்.

நான் புது டப்பாவை எடுத்து வந்து வண்டிப் பக்கத்தில் வைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. வேறொன்று வாங்கி வந்திருக்க வேண்டும். பதினோரு நாளில் ஒரு டப்பா வாங்க எனக்கு நேரமில்லையா? கண்டுபிடிக்கட்டும் என்றுதான் வாங்கவில்லையா? எனக்கே தெரியவில்லை.

அண்ணி கதவிலிருந்து நகர்ந்து வந்தாள்.

"இது அவர் வாங்கினதாச்சே."

நான் திருப்புளியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"லேபிளு. இது அவர் வாங்கியாந்தது. பிரேக்கு சவசவன்னு இருக்கு, மாத்தணும்னு சொல்லி வாங்கிட்டு வந்தாரு. அவர் போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் மாத்தினாரு. நான் பார்த்தேன், டேங்கு மேலகூட ஊத்திட்டாரு, பாரு." பெட்ரோல் டேங்கின் ஓரத்தில் பெயின்ட் உரிந்து விரல் நகம் அளவுக்கு ஒரு தழும்பு இருந்தது. அவள் அதைத் தொட்டாள். "இத ஒடைக்கவே இல்லியே. அப்ப எத ஊத்தினாரு?"

"பழசு இருந்திருக்கும்க்கா" என்றார் தம்பி.

"ஆமா, பழசு" என்றாள் அண்ணி. முகத்தில் ஏதோ ஞாபகம் வந்து, ஏழு வாரத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் மலர்ந்தது. "அதக் கேட்டுத்தானே இவளுக்கு வாய்ஸ் போட்டாரு. என்கிட்ட இருக்கு."

அவன் போன் அவளிடம்தான் இருந்தது. அதிலிருக்கும் அவன் குரல்களை அவள் சமையலறையில் நின்று கேட்பது எனக்குத் தெரியும். எது எதைக் கேட்கிறாள் என்று தெரியாது. போனை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"அண்ணி, வேணாம்."

"சிரிக்கிறாருடி அதுல. அது ஒண்ணுலதான் சிரிக்கிறாரு. மத்ததெல்லாம் கஸ்டமர்கிட்டப் பேசினது."

அழுத்தினாள். படிக்கட்டின் கீழ் அண்ணன் பேசினான்.

"ஏய் லேபிளு. பிரேக் ஆயில் பழசு முக்கால் பாட்டில் கெடக்கு. புதுசும் ஒண்ணு வாங்கியாந்துட்டேன். பழசையே ஊத்தலாமா, புதுச ஒடைக்கவா? ரெண்டுலயும் டாட் நாலு ரகம்னுதான் போட்டிருக்கு. படம் போட்டிருக்கேன், படிச்சுப் பாத்துச் சொல்லு."

அடுத்தது என் குரல். பின்னால் சோதனைக்கூடத்து மின்விசிறியின் இரைச்சல். அன்று எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

"ரெண்டும் ஒண்ணுதான். எதையாவது ஊத்து. வேலை நேரத்துல உயிர வாங்காத."

அப்புறம் அவன். சிரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான், மூக்கால் சிரிப்பானே, அது.

"சரிங்க லேபிளு மேடம். பெரிய படிப்பு சொன்னா சரியாத்தான் இருக்கும். பழசே தீரட்டும், புதுச அடுத்த தடவைக்கு வெச்சுக்கறேன்."

அண்ணி போனை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "கேட்டியா?"

அந்தப் படத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பழைய பாட்டிலின் நிறமே சொல்லியிருக்கும். அன்று காலையிலிருந்து ஏழு படம் வந்திருந்தது. மேசையில் பதினாறு தூள் மாதிரிகள் காத்திருந்தன. நான் படித்தது இந்த வீட்டுக்கு டப்பா படிக்கத்தானா என்று எனக்கு ஆத்திரம். ஈரம் உறிஞ்சும் பொருள்கள் பற்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். எந்த நேரமும் ஈரத்தை அளந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறவள். அந்த வாய்ஸை அனுப்பியபோதும் என் கையில் ஈரம் அளக்க வேண்டிய தூள்தான் இருந்தது.

நான் எழுந்தேன். பேசுவதற்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன்.

"அண்ணி. அண்ணன் வேகமா வரல."

"என்ன?"

"வேகமா வரல. பிரேக் பிடிக்கல. அந்தப் பழைய ஆயில்ல தண்ணி இருந்துச்சு. நான் லேப்ல வெச்சுப் பார்த்துட்டேன். இறக்கத்துல சூடாகிக் கொதிச்சிருக்கு. அவன் பிடிச்சிருக்கான், அது பிடிக்கல. அதான் பின்னாடி லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுது. மறுநாள் ஆறினதும் சரியாயிடும், அதான் ஆபீசருக்குத் தெரியல. புதுச ஊத்தியிருந்தா நின்னிருக்கும்."

அப்பாவின் கையில் ஊசி பாதித் தையலில் நின்றது.

"பழச ஊத்துன்னு..." என்றாள் அண்ணி.

"நான்தான் சொன்னேன்."

"நீ ரெண்டும் ஒண்ணுன்னு சொன்ன."

"ஒண்ணு இல்ல. எனக்குத் தெரியும். யோசிச்சிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். யோசிக்கல."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் வேறொன்று கேட்டாள், மிக மெதுவாக, என்னிடம் கூட இல்லை, வண்டியிடம் கேட்பதுபோல.

"அப்ப நான் போன் பண்ணதுக்காக இல்லியா?"

"இல்ல அண்ணி."

"கதவத் திறக்க மாட்டேன்னு சொன்னதுக்கு?"

"இல்ல. மெதுவாத்தான் வந்திருக்கான். பிரேக்கப் பிடிச்சுக்கிட்டே வந்ததாலதான் சூடே ஏறியிருக்கு."

அவள் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அழுதாள். சாவு அன்றுகூட அப்படி அழவில்லை. அன்று குற்றவாளி மாதிரி ஒரு மூலையில் ஒடுங்கி இருந்தாள். இன்றுதான் புருஷனை இழந்தவள் அழுதாள். தம்பி பக்கத்தில் போனார். அவள் கையை உதறினாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"பதினோரு நாளா."

"பதினோரு நாளு நான் சாப்பிடாமக் கெடந்தத நீ பார்த்துக்கிட்டிருந்த."

நான் கீழே இருந்த ஊசிக் குழலை எடுத்தேன்.

"என் தம்பி இன்னைக்கு வரலன்னா சொல்லியிருக்க மாட்ட."

"மாட்டேன்."

"வேலையப் பாரு" என்றாள். "அவன் போகணும்."

ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே கைப்பிடியை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே சக்கரத்தின் பக்கத்தில் உள்ள திருகைத் திறந்து மூட வேண்டும். தம்பி கை கொடுக்க வந்தார். அண்ணி அவரைத் தள்ளிவிட்டுத் தானே வந்து நின்றாள். நான் மூடியின் இரண்டு திருகுகளைக் கழற்றினேன். உள்ளே இருந்த பழுப்பை ஊசிக் குழலால் உறிஞ்சி எடுத்தேன். புது டப்பாவின் வெள்ளித்தாளைக் கிழித்தேன். இளமஞ்சளாக, தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

"அழுத்துங்க அண்ணி. பிடிங்க. விடாதீங்க."

அழுத்தினாள். திருகைத் திறந்தேன். ட்யூபில் பழுப்பு இறங்கியது. மூடினேன்.

"விடுங்க."

விட்டாள்.

"அழுத்துங்க."

பதினைந்து இருபது தடவை. மேலே குறையக் குறையப் புதுசு ஊற்றினேன். அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ட்யூபில் பழுப்பு வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் தெளிவாக ஓடியது. அவ்வளவுதான் வேலை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தம்பி நின்ற இடத்திலேயே பிரேக்கை நாலைந்து தடவை பிடித்துப் பார்த்தார். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, "பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னார். சாவியைப் போடப் போனவரை, ஆயில் மூடியை இன்னும் போடவில்லை என்று நிறுத்தினேன். அது என் கையிலேயே இருந்தது.

அண்ணி கையைப் புடவையில் துடைத்தாள். "நீ கொஞ்ச நாளைக்கு எங்கயாவது இருந்துக்கோ லேபிளு" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். "லேடீஸ் ஹாஸ்டல் ஏதாவது பாரு. நான் கூப்பிடறேன். கூப்பிடற வரைக்கும் வராத."

"சரி அண்ணி."

உள்ளே போனாள். கதவை மூடினாள். ஏழு வாரமாகத் திறந்தே கிடந்ததில் கீல் இறுகிப்போய், இரண்டு தடவை இழுத்துத்தான் மூட வேண்டியிருந்தது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அப்பா படியிலிருந்து எழுந்து வந்தார். டேங்கில் இருந்த தழும்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"ஏழு வாரமா அவனத் திட்டிட்டேன்" என்றார். "எட்டு மாடியும் ஏறி இறங்கித் திட்டினேன்."

நான் மூடியைப் பொருத்தப் போனேன். அவர் என் கையிலிருந்து வாங்கினார். சட்டை நுனியால் அதன் மேல் படிந்த அழுக்கைத் துடைத்தார். உலோகத்தில் பொறித்த சின்ன இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. ஆறு வருடமாக அவை அங்கேதான் இருந்தன. பரீட்சைக்கெல்லாம் அவன் என்னைக் கொண்டுபோய் விட்டது இந்த வண்டியில்தான். இறங்கி, கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்று, அவனிடம் டாட்டா சொல்லியிருக்கிறேன்.

"இதுல ஏதோ போட்டிருக்கே. என்னன்னு படி."

நான் அதைப் பதினோரு நாளுக்கு முன்பே படித்துவிட்டேன். சத்தமாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

"திறக்குறதுக்கு முன்னாடி மூடியத் துடைங்க" என்று படித்தேன். "டாட் நாலு ஆயில் மட்டும் ஊத்துங்க. சீல் உடைக்காத டப்பாலேர்ந்து மட்டும்."

அப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார்.

"இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?"

"வண்டி வாங்கின நாள்லேர்ந்துப்பா."